வேலி அடைப்போர்

களுதாவளையில் வெற்றிலைத் தோட்டம் வைத்திருக்கும் எவரைக் கேட்டாலும் ஓர் உண்மையைச் சொல்வார்: வேலி ஒருமுறை கட்டி முடிக்கும் பொருளன்று. ஒரு கதியால் பட்டுப்போனாற் போதும். அவ்விடத்தை அன்றே அடைக்காவிடில் இரவிலே கட்டாக்காலி மாடுகள் புகுந்துவிடும். ஆயினும் வேலி அடைத்தவனுக்கு ஊரிலே புகழில்லை. மாடு புகுந்த இரவைத்தான் மனிதர் நினைவில் வைத்திருக்கின்றனர். புகாத இரவுகளை எவர் எண்ணிப் பார்க்கிறார்?

இணையத்தின் வரலாற்றிலும் இத்தகைய உழைப்பாளர் உள்ளனர். பரீட்சைப் பெறுபேற்றையோ அரசாங்கப் படிவத்தையோ நாம் கைத்தொலைபேசியில் திறக்கும்போது, எங்கோ ஒரு கணினியில் இயங்கும் மென்பொருள் அதனை எடுத்து அனுப்புகின்றது. வலைவழங்கி என்பது அதன் பெயர். முன்பின் அறியாத எவர் கேட்டாலும் பதிலிறுப்பதே அதன் தொழில். ஆகவே, அதன் எழுத்தில் நேர்ந்த சிறு தவறும் தெருவை நோக்கிய பொத்தலாகிவிடுகின்றது.

1993இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்து ஆய்வு நிலையமொன்றில் ரொப் மக்கூல் என்பவர் எழுதிய வழங்கி விரைவிலே உலகெங்கும் பரவிற்று. 1994இன் நடுப்பகுதியில் அவர் அந்நிலையத்தை விட்டு நீங்கவே, அம்மென்பொருள் கவனிப்பாரற்றுத் தேங்கியது. 1995 பெப்ரவரியில் அதிலிருந்த பெரும் பொத்தலொன்று வெளிப்பட்டது. அளவுக்கு மீறி நீண்ட முகவரியொன்றை அனுப்பினால், ஒதுக்கிய நினைவகம் நிரம்பி வழியும். அனுப்பியவன் விரும்பிய கட்டளையே அக்கணினியில் ஓடத் தொடங்கும்.

அதனைப் பயன்படுத்தியோர் அதற்கு முன்னரே தத்தம் இடங்களில் தனித்தனியாக ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தனர். அதே பெப்ரவரியில் அவர்களுள் எட்டுப் பேர் மின்னஞ்சல் வழியே ஒன்றுகூடி, அவ்வொட்டுக்களையெல்லாம் திரட்டினர். ஏப்ரலில் ‘அப்பாச்சி’ என்ற புதிய வழங்கி வெளிவந்தது. அமெரிக்கப் பழங்குடியொன்றின் பெயர் அது. ஆங்கிலச் செவிக்கு ‘ஒட்டுப்போட்டது’ என்றும் ஒலிக்கும். ஓராண்டு கழிவதற்குள்ளேயே அது உலகில் மிகுதியாக வழங்கிய வலைவழங்கியாயிற்று. விலை கொடாமல் எவரும் எடுத்தாளவும் திருத்தவும் கூடிய பொதுச் சொத்து அது.

ஆனால், ஒட்டு இருந்தால் மட்டும் போதுமா? 2001 ஜூன் 18இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் தனது வழங்கியிலிருந்த பொத்தலுக்கு ஒட்டு வெளியிட்டது. ஒரு மாதத்தின் பின், ஜூலை 19இல், ‘கோட் றெட்’ என்ற கணினிப் புழு அதே பொத்தல் வழியே புகுந்து, 14 மணி நேரத்திற்குள் 359,000 கணினிகளைப் பற்றியது. ஒட்டு கையிலிருந்தும் போடப்படாத கணினிகள் அவை.

2014 ஏப்ரல் 7இல் வெளிப்பட்ட ‘ஹார்ட்பிளீட்’ வேறொரு பாடத்தைப் புகட்டியது. வங்கிகளும் பெரும் வணிக நிறுவனங்களும் தம் இரகசியங்களைப் பூட்டிவைக்க நம்பியிருந்த ‘ஓப்பன் எஸ்எஸ்எல்’ மென்பொருளில் அப்பொத்தல் ஈராண்டுகள் கிடந்தது. அம்மென்பொருளைக் காத்தவருள் முழுநேர ஊழியர் ஒருவரே. ஆண்டுதோறும் கிடைத்த நன்கொடையோ ஏறத்தாழ 2,000 டொலர். கோடி கோடியாக ஈட்டியவர்கள் வேலியின் கூலியை மறந்திருந்தனர். ஊரெல்லாம் அச்சம் பரவிய பின்னரே பெரிய நிறுவனங்கள் பணப்பையை அவிழ்த்தன.

இது மேனாட்டுக் கதை மட்டுமன்று. 2023 ஓகஸ்ட் 26இல் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் வழங்கி தாக்கப்பட்டது. தரவுகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் தீநிரல் ஒன்று அதனுட் புகுந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச முகவரிகள் பாதிப்புற்றன; மே 17 முதல் அன்றுவரையிலான மடல்கள் மீளாமற் போயின. அங்கே இயங்கியது 2013ஆம் ஆண்டுப் பதிப்பான மென்பொருள். அதற்கு ஒட்டு வழங்குவதைத் தயாரித்த நிறுவனமே அவ்வாண்டு ஏப்ரலில் நிறுத்திவிட்டது. 2021 முதலே புதுப்பிக்க எண்ணியும், நிதிக் குறைவு முதலிய காரணங்களால் அது பின்தள்ளப்பட்டது என்று பொறுப்பான முகவரகமே கூறிற்று. இணைப்பிலிருந்த பிரதியும் சேர்ந்தே பூட்டப்பட்டது. அக்கால மடல்களுக்குத் தனியே எடுத்துவைத்த பிரதியும் இருக்கவில்லை.

நாடு கடனில் மூழ்கியிருந்த காலம் அது என்பது உண்மையே. ஆயினும் சிக்கனத்தின் கத்தி எப்பொழுதும் முதலில் வேலிக்காரனின் கூலியிலேயே விழுவது ஏன்? புதிய கட்டடத்திற்குத் திறப்பு விழா உண்டு. பழைய பொத்தலை அடைப்பதற்கு விழா இல்லை.

இழப்போ கொழும்பு அலுவலகங்களோடு நிற்பதன்று. காணி உறுதியும் ஓய்வூதியமும் பிறப்புப் பதிவும் கணினிக்குள் செல்லச் செல்ல, தலைநகரிலிருந்து 300 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள வாவிக்கரைக் குடியானவரின் வாழ்வும் அந்த வேலிக்குள்ளேயே அடங்குகின்றது. பணம் படைத்தவர் இன்னொரு பிரதி வைத்திருப்பர், வழக்கறிஞரை அமர்த்துவர். ஏழைக்கு அந்தப் பதிவே சாட்சி.

எனவே, வழங்கியைப் புதுப்பிப்பதைத் தொழில்நுட்பரின் உட்கவலையாக எண்ணுதல் தகாது. அது பொதுப்பணி, அதற்கு வரவு செலவுத் திட்டத்தில் நிலையான இடமும், அதைச் செய்வோருக்கு உரிய ஊதியமும் வேண்டும். மாடு மேய்ந்த பின் வெற்றிலைக் கொடியை எண்ணி அழுவதைவிட, ஒரு கதியாலை இன்றே நடுவது எளிதன்றோ?