டஸ்கீகியின் செங்கல்



தொழிற்கல்வி என்றால் நமக்கு முதலில் வருவது சந்தேகம்தான். அதற்குக் காரணமும் இருக்கிறது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தைக் 'குலக்கல்வி' என்று அடையாளம் கண்டு, அடுத்த ஆண்டே கைவிட வைத்த மண் இது. அந்த நினைவோடுதான் நாம் அமெரிக்காவின் அலபாமாவைப் பார்க்கிறோம். அடிமை முறையை ஒழித்த அமெரிக்கர்களுக்கு ஜோதிராவ் புலே 1873இல் 'குலாம்கிரி' நூலைக் காணிக்கையாக்கினார். விடுதலை பெற்றவர்களின் பிள்ளைகள் பிறகு என்ன படித்தார்கள் என்பதை நாம் அதிகம் பேசியதில்லை.

1881 ஜூலை 4 அன்று டஸ்கீகியில் பள்ளி தொடங்கியது. அதை நடத்தியவர் அடிமையாகப் பிறந்த புக்கர் டி. வாஷிங்டன். கட்டடம் இல்லை, செங்கல் வாங்கக் காசும் இல்லை. மாணவர்களே மண் வெட்டி, மிதித்து, அறுத்து, சூளை போட்டார்கள். மூன்று சூளைகள் வீணாயின. வாஷிங்டன் தம் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்து நான்காவது சூளை போட்டார். அது வெந்து வந்தது. ஊர் வெள்ளையர்களும் அந்தக் கல்லை வாங்க வந்தார்கள். கொத்து வேலை, தச்சு வேலை எல்லாம் கட்டடம் எழும் இடத்திலேயே கற்பிக்கப்பட்டன. எம்.ஐ.டி.யில் கட்டடக்கலை படித்துப் பட்டம் பெற்ற முதல் கறுப்பரான ராபர்ட் டெய்லர் வரைபடம் போட, மாணவர்கள் கட்டினார்கள். சேரியில் வீடு கட்டிப் பழகிய நமக்கு இதன் அருமை தெரியும்.

முதலாளிகள் பிறகு வந்தார்கள். எஃகு முதலாளி கார்னெகி 1903இல் 6 லட்சம் டாலர் கொடுத்தார். சியர்ஸ் நிறுவனத்தின் தலைவர் ரோசன்வால்ட் 1912 முதல் பணம் தந்தார். அந்தப் பணத்திலிருந்து, டஸ்கீகியில் வரைந்த வரைபடங்களோடு, கிராமப்புறக் கறுப்பர் பள்ளிகள் எழத் தொடங்கின. 1932க்குள் 15 மாநிலங்களில் ஏறத்தாழ 5,000 பள்ளிகள். சிலவற்றில் தொழில் பழகத் தனிக் கட்டடமும் இருந்தது. வரலாறு அவற்றை 'ரோசன்வால்ட் பள்ளிகள்' என்றே அழைக்கிறது. கணக்கைப் பார்ப்போம்: ரோசன்வால்ட் நிதி கொடுத்தது சுமார் 43 லட்சம் டாலர், கறுப்பின மக்கள் திரட்டியது சுமார் 47 லட்சம். பருத்திக் காட்டில் குத்தகைக்கு உழுதவர்கள், வெள்ளையர் வீட்டில் துணி துவைத்தவர்கள் கொடுத்த காசு அது. நிலமும் உடலுழைப்பும் கொடுத்தவர்களும் உண்டு. பெயர் மட்டும் முதலாளிக்குப் போனது.

டு பாய்ஸ் 1903இல் எழுப்பிய கேள்வி இன்னும் கடுமையானது. கைத்தொழிலை அவர் இழிவாக நினைக்கவில்லை. வாக்குரிமையையும் உயர்கல்வியையும் தள்ளிவைத்துவிட்டுத் தொழிலை மட்டும் கற்றால், உழைத்துச் சேர்த்ததைக் காப்பாற்றும் வழி என்ன என்று கேட்டார். 1895இல் அட்லாண்டாவில் சமூகச் சமத்துவக் கோரிக்கையைப் பின்னுக்குத் தள்ளிப் பேசிய வாஷிங்டனைத்தான் நன்கொடையாளர்களுக்குப் பிடித்திருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

தொழில் கற்றவனுக்கு வேலை கிடைத்ததா? மின்பணி, குழாய்ப்பணி, இரும்புப்பணித் தொழிற்சங்கங்கள் பல, கறுப்பர்களுக்குக் கதவைச் சாத்தியே வைத்திருந்தன. பழகுநர் இடம் தகப்பனிடமிருந்து மகனுக்கும் மாமனிடமிருந்து மருமகனுக்கும் போனது. நமக்குத் தெரிந்த ஏற்பாடுதான், சாதி என்ற பெயர் இல்லை, அவ்வளவே. 1963இல் பிலடெல்பியாவில், பள்ளிக்கூடம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த இடத்திலேயே கறுப்பர்கள் மறியல் செய்தார்கள். அரசுக் கட்டுமானப் பணி எடுக்கும் ஒப்பந்ததாரர்கள் சிறுபான்மையினரைச் சேர்க்க இலக்கு வைத்தாக வேண்டும் என்ற 'பிலடெல்பியா திட்டம்' 1969இல்தான் நடைமுறைக்கு வந்தது. டஸ்கீகியில் முதல் செங்கல் வெந்து 80 ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தது.