மிசோ அடுப்படியில் ஒரு பிடி அரிசி

மிசோரத்தில் கிறிஸ்தவம் வேரூன்றிய கதையை மிஷனரிகளை வைத்தே சொல்லிவிடுவது வழக்கம். 1894-இல் லொரைன், சாவிட்ஜ் இருவரும் அன்று லுஷாய் மலை எனப்பட்ட அந்நிலத்துக்கு வந்தார்கள். மிசோ மொழிக்கு எழுத்து அமைத்தார்கள். 1906-இல் எழுப்புதல் உண்டானது. இவையெல்லாம் உண்மையே. ஆனால் மிசோ சபை பிறர் பணத்தை நம்பாமல் நின்றதற்குக் காரணம் தேடினால், வீட்டு அடுப்படிக்குத்தான் போகவேண்டும். காட்டை வெட்டி எரித்து மலைச்சரிவில் நெல் விதைத்து வாழ்ந்தவர்களிடம் ரொக்கம் அரிது, அரிசியே செல்வம். 1910-இல் பிரஸ்பிடேரியன் சபையில் 'புஃபாய் தாம்' என்ற பிடி அரிசிக் காணிக்கை தொடங்கியது. ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது, குடும்பத்துக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைப் பெண்கள் தனியே எடுத்து வைப்பார்கள். சேர்ந்த அரிசியைச் சபைப் பெண்கள் வீடு வீடாகத் திரட்டுவார்கள். விற்ற பணம் ஊழியத்துக்குப் போகும்.

இது வெறும் நிதி திரட்டும் வழிதானே என்று கேட்கலாம். நிதி மட்டுமே நோக்கமென்றால் அறுவடைக்குப் பின் ஒரு மூட்டை நெல் கேட்டிருந்தால் போதும். பிடி அரிசி, யாரும் உண்ணும் முன்பே, அன்றைய சோற்றிலிருந்து எடுக்கப்படுவது. கொடுப்பது என்பது வீட்டின் அன்றாட ஒழுக்கமாகிறது. பிள்ளைகள் அதைப் பார்த்தே வளர்கிறார்கள். வழக்கம் தொடங்கிய மறு ஆண்டே மூங்கில் பூத்து, எலிகள் பெருகி, பயிரைத் தின்று 'மௌதாம்' பஞ்சம் வந்தது. அதையும் தாண்டி வழக்கம் நிலைத்தது. 1960களின் இறுதியில், மிசோ கிளர்ச்சிக் காலத்தில், வெளிநாட்டு மிஷனரிகள் வெளியேற நேர்ந்தபோதும் சபை தளரவில்லை. பிற மாநிலங்களுக்குத் தானே ஊழியர்களை அனுப்பும் சபையாக வளர்ந்தது. உபதேசத்தால் மட்டும் இந்த வலிமை வந்திருக்காது.

இதில் கிறிஸ்தவம் எங்கே, தன்னலம் மறந்து பிறருக்கு உதவும் 'த்லோம்ஙைனா' என்ற பண்பு மிசோக்களிடம் முன்பே இருந்ததே என்பது இன்னொரு கேள்வி. இருந்தது. கோயிலுக்கும் அறத்துக்கும் பிடி அரிசி ஒதுக்கும் வழக்கம் தமிழ் வீடுகளுக்கும் தெரிந்ததுதான். விசுவாசம் ஒரு சமூகத்தின் நற்பண்பை அழித்துவிட்டு வரவேண்டியதில்லை. ஆபத்தில் அயலாருக்கு ஓடி உதவிய அந்தப் பண்பை, முகமறியாத மனிதருக்காகவும் அன்றாடம் கொடுக்கும் முறையாக அது விரித்தது.

கனமான ஆட்சேபம் வேறொன்று. அரிசியை எடுத்து வைத்தவர்கள் பெண்கள். அவர்கள் போதகராக அபிஷேகம் பெறச் சபை நெடுங்காலம் இடமளிக்கவில்லை. இந்தக் குறையை மறைக்க முடியாது. ஆனால் அது பிடி அரிசியின் மதிப்பைக் குறைக்கவில்லை. சபை பட்டிருக்கும் கடனைத்தான் காட்டுகிறது. குடும்பத்தில் வாழ்ந்து காட்டும் விசுவாசமே சபையைத் தாங்குகிறது என்று இந்த வரலாறு நிறுவுமானால், தாங்கியவர்களுக்குத் தீர்மானிக்கும் இடத்திலும் பங்கு கொடுப்பதே அதற்கு நேர்மையான மறுமொழி.