பூங்கா அரங்கும் கட்டணமில்லா நாடகமும்

நாடக வரலாற்றை ஆராய்வோர் நூலையும் நடிகரையும் மேடையமைப்பையுமே பெரிதும் கருதுவர். அவையோர் யாவர், அவர் எவ்வாறு அவை புகுந்தனர் என்னும் வினாக்கள் அருகியே எழுகின்றன. நியூயார்க்கு நகரின் சென்ட்ரல் பார்க் எனப்படும் பெரும்பூங்காவில் செகப்பிரியர் நாடகங்கள் கட்டணமின்றி நடிக்கப்பெறும் வரலாறு, இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு ஏற்ற சான்றாகும்.

இம்முயற்சியைத் தோற்றுவித்தவர் ஜோசப் பாப் (1921–1991). புரூக்ளினில் வறிய யூதக் குடியேறிகளின் மகனாய்ப் பிறந்த இவர், 1954-இல் செகப்பிரியர் பட்டறை ஒன்றை அமைத்தார். பொது நூலகம் போன்றே நாடகமும் எல்லார்க்கும் பொதுவாதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1956-இல் ஈஸ்ட் ரிவர் பூங்காவின் திறந்தவெளி அரங்கில் ‘ஜூலியஸ் சீசர்’ முதலிய நாடகங்கள் நடிக்கப்பெற்றன. 1957-இல் வண்டிமேல் அமைந்த மேடையொன்று நகரின் பல பகுதிகளுக்கும் சென்று, இறுதியிற் சென்ட்ரல் பார்க்கில் நிலைகொண்டது.

1959-இல் இடையூறு தோன்றியது. பூங்கா ஆணையர் இராபர்ட் மோசஸ், காண்போர் திரளால் புல்தரை அழிகின்றது எனவும், அதனைக் காக்கும் செலவிற்கு ஆளொன்றுக்கு ஒன்றிரண்டு டாலர் நுழைவுக் கட்டணம் பெறுதல் வேண்டும் எனவும் வற்புறுத்தினார். பாப் இசைந்திலர், வழக்குத் தொடுத்தார். முதல் நீதிமன்றம் ஆணையர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆயின், மேன்முறையீட்டு மன்றம் அவ்வாண்டு ஜூனில் அதனை மாற்றி, கட்டணம் பெற்றே தீரவேண்டும் என்னும் நிபந்தனை தக்க காரணமற்றது என முடிவு செய்தது.

இத்தீர்ப்பின் எல்லை நுணுகி அறியற்பாலது. இலவசமாய் நாடகம் காண்பது குடிமக்கள் உரிமை என மன்றம் கூறிற்றிலது. நகர்க்கு நேரும் செலவை நாடகக் குழுவினரிடம் கேட்பது வேறு, காண்போரிடம் விலை பெறுமாறு அவர்களைக் கட்டாயப்படுத்துவது வேறு என்னும் வேறுபாடே இதனாற் பெறப்படுகின்றது. பின்னர் ஆணையர் இடத்தைச் செப்பனிட 20,000 டாலர் கேட்டார். இருவர் பத்தாயிரம் பத்தாயிரமாக அதனை வழங்கினர். எனவே, ‘இலவசம்’ என்பது செலவின்மை அன்று; செலவைக் காண்போர் தலைமேல் சுமத்தாமையே என்பது தெளிவு.

1962 ஜூனில் டெலகோர்ட் அரங்கு ‘வெனிசு வணிகன்’ நாடகத்துடன் திறக்கப்பெற்றது. ஜார்ஜ் டெலகோர்ட் என்னும் பதிப்பாளர் இதற்கு 150,000 டாலர் அளித்தார். ஏறத்தாழ 1,800 பேர் அமரத்தக்க இவ்வரங்கிற்குக் காலை முதலே மக்கள் வரிசையில் நின்று சீட்டுப் பெறுவது வழக்காயிற்று. ஈண்டு ஓர் ஐயம் எழுதல் இயல்பே. பொருளால் விலையில்லையாயினும் பொழுதால் விலை உண்டு. நாட்கூலி பெறுவோன் அரைநாளை வரிசையிற் கழித்தல் எளிதன்று. கட்டணம் நீங்கிய அளவானே எல்லார்க்கும் வாயில் திறந்துவிடும் எனக் கொள்ளுதல் பொருந்தாது. மக்கள் வாழுமிடத்திற்கே மேடையைக் கொண்டுசென்ற 1957-ஆம் ஆண்டு முயற்சி, இக்குறைக்கு மாற்றாய் அமைந்தது எனலாம்.

புதுப்பிக்கப்பெற்ற அரங்கு 2025 ஆகஸ்டில் ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்துடன் மீண்டும் திறக்கப்பெற்றது. புல்லின் பெயரால் எழுந்த வழக்கு, பொதுநிலம் யாருக்கு உரியது என்னும் வினாவாய் விரிந்தமையே இவ்வரலாற்றின் பயனாகும். ஆதலின், அவைக்குட் புகுந்தோரை மட்டுமன்றிப் புக இயலாதோரையும் கணக்கிற் கொள்ளும்போதே நாடக வரலாறு நிறைவெய்தும்.