குலத்தின் குறையா மனச்சிதைவு?

நாஞ்சில் நாட்டு முதியோர் பேச்சில் 'ஊளம்பாறை' என்னும் சொல் அடிபடுவதுண்டு. திருவனந்தபுரத்தில் மனநோய் மருத்துவமனை அமைந்துள்ள இடம் அது. 1956 வரை நம் பகுதி திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்ததால் இங்குள்ள நோயாளிகளை அங்கே கொண்டு செல்வர். ஒருவர் ஊளம்பாறைக்குப் போய்வந்தார் என்று தெரிந்தால் போதும். அவருடைய தங்கைக்கு வந்த சம்பந்தம் நின்றுவிடும். 'அந்தக் குடும்பத்து இரத்தத்திலேயே உண்டு' என்பார்கள். இரத்தத்தில் உண்டா? நூறாண்டுகளாக அறிவியலாளர் கேட்டுவரும் கேள்விதான் இது.

மனச்சிதைவு நோய்க்கு இன்று உலகெங்கும் வழங்கும் ஸ்கிசோஃப்ரினியா என்ற பெயரை 1908இல் சூட்டியவர் சுவிட்சர்லாந்து மருத்துவர் புளூலர். சிந்தனையும் உணர்ச்சியும் செயலும் தம்முள் இணக்கம் இழப்பதே நோய். ஒருவர் இரண்டு ஆட்களாக மாறுவதன்று. அது திரைப்படக் கதை.

1916இல் மியூனிக் நகரத்து ரூடின், நோயாளிகளின் உடன்பிறந்தோரைக் கணக்கெடுத்தார். மெண்டலின் பட்டாணிச் செடிக் கணக்கு இங்கும் பொருந்துமா என்று பார்த்தார். நாலில் ஒருவர் என்ற விகிதம் கிடைக்கவில்லை. கிடைத்தது மிகக் குறைவு. அதோடு அவர் நின்றிருக்கலாம். ஆனால் 1933இல் ஜெர்மனி கொண்டுவந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்துக்கு அவரே துணை நின்றார். 1940, 41ஆம் ஆண்டுகளில் 70,000க்கு மேற்பட்ட நோயாளிகளும் ஊனமுற்றோரும் நச்சுவாயுவால் கொல்லப்பட்டனர். கணக்கு பொருந்தாத ஒரு கருத்தை நம்பி நடந்த கொலைகள் இவை.

பின்னர் இரட்டையர் ஆய்வுகள் வந்தன. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருள் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 40 முதல் 50 வரை. பொதுமக்களிடையே இது சுமார் 1. ஆகவே மரபுக்குப் பங்கு உண்டு. ஆயினும் மரபே முழுக்காரணம் என்றால் அந்த எண் 100 ஆக அன்றோ இருக்கவேண்டும்? 1967இல் காட்டெஸ்மன், ஷீல்ட்ஸ் இருவரும் இதற்கு விளக்கம் தந்தனர். நம்மூர்க் குளத்தை எண்ணிப் பாருங்கள். பல ஓடைகள் அதில் வந்து சேருகின்றன. எதுவும் தனியே கரையை உடைக்காது. எல்லாவற்றிலும் நீர் மிகுந்து, அன்று மழையும் கொட்டினால் கரை உடைகிறது. ஓடைகள் ஜீன்கள். மழை என்பது பிறப்பின்போது நேரும் இடர், கஞ்சாப் பழக்கம் போன்றவை. நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நெருங்கிய உறவில் அந்நோய் இல்லாதிருப்பதும் இதனால் விளங்கும்.

ஓடைகளை எண்ணும் வேலை இந்த நூற்றாண்டில் நடந்தது. 2014இல் ஓர் உலகளாவிய ஆய்வுக் குழு மரபுத்தொகுதியில் 108 இடங்களைக் காட்டியது. 2022இல் அது 287 ஆயிற்று. ஆனால் இரத்தம் கொடுத்தவருள் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பிய வழியினர். நம் மக்களிடம் என்ன காணப்படும்?

சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய 'ஸ்கார்ஃப்' ஆராய்ச்சி நிறுவனம், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து இதைத் தேடியது. 3,092 பேரை ஆராய்ந்து 2019இல் முடிவு வெளியாயிற்று. எட்டாம் குரோமோசோமில் ஒரு பகுதி தனித்து நின்றது. அங்குள்ள ஒரு ஜீன், நயாசின் என்னும் வைட்டமினை உடல் பயன்படுத்த உதவும் நொதியை உண்டாக்குவது. நயாசின் குறைந்தால் பெல்லக்ரா நோய் வரும். தோல் கறுத்து வெடிப்பதோடு மனமும் குழம்பும். தக்காணத்தில் சோளமே உணவாகக் கொண்ட ஏழைகளிடம் இதனை ஐதராபாத்தில் சி. கோபாலன் குழுவினர் ஆராய்ந்துள்ளனர். மருந்துக்கடைக்கு விரைந்து நயாசின் மாத்திரை வாங்க இது காரணமாகாது. இதுவும் ஓர் ஓடைதான்.

சென்னையிலேயே நடந்த மற்றோர் ஆய்வை நான் இதைவிடப் பெரிதாக மதிக்கிறேன். 1980களின் தொடக்கத்தில், முதன்முறை நோய் கண்ட 90 பேரைச் சென்னை மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் பின்தொடரத் தொடங்கினர். டாக்டர் ஆர். தாராவும் உடன்பணியாற்றியோரும் இருபது ஆண்டுகளுக்கு மேல் விடாது அவர்களைச் சென்று கண்டனர். பத்தாண்டு முடிவில், தொடர்ந்து கண்டறிய முடிந்தவருள் பெரும்பாலோர் நோய்க்குறி நீங்கியிருந்தனர். பலர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தனர். பலருக்குத் திருமணமும் ஆகியிருந்தது.