தேகாப்பியாசமும் பரம்பரையும்

இரண்டாம் உலகப் போரின் பின்னர், நடுவயது ஆடவரை இருதய நோய் பெருமளவிற் காவுகொள்வதைக் கண்டு பிரித்தானிய வைத்தியர்கள் கலங்கினர். அதன் காரணத்தை நாடிய ஜெறி மொறிஸ் என்பார், இலண்டன் மாநகரின் இரட்டைத் தட்டுப் பஸ் வண்டிகளையே தமது ஆய்வுகூடமாகக் கொண்டார். சாரதி வேலைநேரம் முழுவதும் இருக்கையிலேயே இருப்பார். நடத்துநரோ சீட்டு வழங்குதற்பொருட்டு நாளொன்றுக்கு 500 முதல் 750 வரையான படிகளை ஏறியிறங்குவார். இருவர் வாழ்க்கை நிலையும் ஏறக்குறைய ஒன்றே. 35 முதல் 64 வயது வரையுள்ள சுமார் 31,000 பேரின் பதிவுகளை ஆராய்ந்தபோது, நடத்துநரிடையே இருதய நாடி நோய் குறைவாயிருத்தல் புலனாயிற்று. 1953இல் ‘லான்செற்’ சஞ்சிகையில் இம்முடிவு வெளியாயிற்று.

ஆயினும் மொறிஸ் அத்துடன் அமைந்தாரல்லர். தையற்காரர் குறித்து வைத்த சீருடை அளவுகளைத் தேடி ஆராய்ந்தார். இளவயதினரிடையேயும் சாரதிகளின் இடைச்சுற்று நடத்துநரதினும் பெரிதாயிருந்தது. 1956இல் அதனையும் அவர் மறையாது வெளியிட்டார். படியேறியமையால் நடத்துநர் நலம்பெற்றனரா, அன்றி இயல்பிலேயே வேறான உடல்வாகுடையோர் வெவ்வேறு தொழிலை நாடினரா என்னும் வினா எழுந்தது. தம் முடிவுக்கு ஊறு நேரக்கூடிய சான்றைத் தாமே தேடிச் செல்லும் ஆய்வாளர் அரியர்.

தொழிலை ஒப்பிடுவதால் மட்டும் இவ்வினாத் தீராது. பலருக்கு ஒரே அளவான பயிற்சியை அளித்து, யாருக்கு எவ்வளவு பயன் விளைகிறதென அளத்தல் வேண்டும். கனடாவில், கியூபெக் நகரின் லவால் பல்கலைக்கழகத்திலிருந்த குளோட் பூஷார் குழுவினர் இவ்வழியில் முயன்றனர். ஒரே கருவிற் பிறந்த இரட்டையர் பத்துச் சோடியினருக்கு 20 கிழமைகள் பயிற்சி அளித்து, 1984இல் முடிவை வெளியிட்டனர். இரட்டையருள் ஒருவர் பெற்ற முன்னேற்றத்தை மற்றவரதும் பெரிதும் ஒத்திருந்தது. சோடிக்குச் சோடியோ அது வேறுபட்டது.

இதனினும் விரிவான ஆய்வு 1990களில் நடந்தது. ‘ஹெறிற்றேஜ்’ எனப் பெயரிய அவ்வாய்விலே, உடலுழைப்பற்ற வாழ்வினரான பெற்றோரும் பிள்ளைகளும், கிழமைக்கு மூன்று தடவையாக 20 கிழமைகள், நிலையான சைக்கிளை மிதித்தனர். 98 வெள்ளையர் குடும்பங்களைச் சேர்ந்த 481 பேரின் பெறுபேறு 1999இல் வெளியாயிற்று. உடல் நிமிடத்துக்கு உட்கொள்ளத்தக்க உச்ச ஒட்சிசனளவு சராசரியாக 400 மில்லிலீற்றர் உயர்ந்தது. ஆனால் சிலருக்கு உயர்வே இல்லை. சிலருக்கு ஓர் இலீற்றருக்கு மேல்! குடும்பத்துக்குக் குடும்பம் காணப்பட்ட வேறுபாடு, ஒரு குடும்பத்தினுள்ளே காணப்பட்டதைப் போல் 2.5 மடங்கு. இவ்வேறுபாட்டிற் பரம்பரையின் பங்கு கூடியது 47 வீதம் எனக் கணித்தனர். ‘கூடியது’ என்ற சொல் கவனிக்கற்பாலது. ஒரு குடும்பத்தினர் பரம்பரையலகுகளை மட்டுமன்றி அடுப்பையும் பகிர்கின்றனர்.

2012இல் பூஷார் குழுவினர் ஆறு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, மேலும் திடுக்கிடத்தக்க செய்தியொன்றைக் கூறினர். இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு, இன்சுலின் அளவு ஆகியவற்றுள் ஒவ்வொன்றும் பயிற்சி செய்தோரிற் சுமார் பத்தில் ஒருவருக்குத் தீய திசையிற் சென்றதாம். பயிற்சி செய்யாதோரை அருகில் வைத்து ஒப்பிடாவிடின், நாளுக்கு நாள் இயல்பாக நிகழும் ஏற்றத்தாழ்வையே பயிற்சியின் விளைவென மயங்க நேரும் என மறுப்பாளர் வாதித்தனர். அவ்வாதம் வலியது.

‘பயன்பெறாதோர்’ என்ற வகுப்பே உண்டா என்று சூரிச்சில் மொன்ரேரோவும் லுண்ட்பியும் வினவினர். 78 பேர் ஐந்து குழுவினராய், கிழமைக்கு ஒன்று முதல் ஐந்து மணிநேரம் வரை ஆறு கிழமைகள் பயின்றனர். ஒரு மணிநேரக் குழுவில் 69 வீதத்தினர் முன்னேற்றமடையவில்லை. நான்கும் ஐந்தும் மணிநேரம் பயின்றோரில் அத்தகையோர் எவருமிலர். முன்னேறாதோர்க்குக் கிழமைக்கு இரண்டு மணிநேரம் கூட்டி மறுபடியும் ஆறு கிழமைகள் பயிற்றியபோது எல்லாரும் முன்னேறினர். 2017இல் வெளியான இவ்வாய்வு அளந்தது உழைக்கும் ஆற்றலையே, இரத்த அழுத்தத்தையன்று.