மானிப்பாயில் மலர்ந்த இரசாயனத் தமிழ்

அமெரிக்க மருத்துவரான சாமுவேல் கிறீன் 1847-ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டிலேயே இளைஞர் சிலருக்கு மேலைநாட்டு மருத்துவத்தைப் பயிற்றத் தொடங்கினார். முதலில் கல்வி ஆங்கிலத்திலேயே நடந்தது. ஆயின் ஆங்கிலங் கற்றோர் அரசாங்க உத்தியோகத்தை நாடி ஊரை விட்டகன்றனர். ஊர் நோயாளிக்கு அதனால் யாது பயன்? ஊரிலே தங்கும் மருத்துவர் வேண்டுமாயின் ஊர்மொழியிலே கல்வி வேண்டும் என்று கிறீன் தெளிந்தார். மானிப்பாயிலே தமிழிற் கற்பிக்கலானார்.

கல்விக்கு நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். மருத்துவ நூல்கள் பல தமிழில் எழுந்தன. 1875-இல் 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூலும் வெளிவந்தது. தமிழிலே தக்க சொல் உளதாயின் அதனைக் கொள்ளுதல்; இல்லையேல் வடமொழியை நாடுதல்; அதுவும் இயலாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழோசைக்கு இசைய அமைத்தல்: இதுவே அவர் கைக்கொண்ட நெறி. நூலின் பெயரே அதற்குச் சான்று.

இந்நெறி இன்றைய இரசாயனத்துக்கும் போதுமா? ஓர் உதாரணம் நோக்குவோம். எண்ணெயோடு ஐதரசனைச் சேர்த்தால் அது நெய்போல இறுகும். இஃது ஐதரசனேற்றம் எனப்படும். செருமானியரான நோர்மன் 1902-இல் நிக்கலை ஊக்கியாகக் கொண்ட முறைக்குக் காப்புரிமை கோரினார். பின்னர் உருத்தேனியம் என்னும் அரிய உலோகமும் ஊக்கியாயிற்று. உலோக அணுவைப் பற்றிநிற்கும் மூலக்கூறுகளுக்கு இணையி என்று பெயர். பொசுபீன் இணையிகளைத் தாங்கிய உருத்தேனியத்தால் அரிய ஐதரசனேற்றங்களை நிகழ்த்திய யப்பானியர் நொயோரி, 2001-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

1991-இல் ஆடுவெங்கோ என்னும் அமெரிக்கர் நிலைத்து நிற்கும் காபீனைப் பளிங்காகப் பிரித்தெடுத்தார். அதன் பின் காபீனும் இணையியாகப் பெருவழக்குற்றது. காபீன் பொதுவாகப் பொசுபீனிலும் இறுக உலோகத்தைப் பற்றும்; இலத்திரன்களையும் மிகுதியாக வழங்கும். எனினும் இறுகப் பற்றுதல் மட்டும் சிறப்பாகாது. தாக்கமுறும் பொருள் வந்தமர உலோகத்தில் இடமும் வேண்டும். ஆதலின் ஆய்வாளர் உலோகத்தை மாற்றாது இணையியை மட்டும் மாற்றி, வேகத்தையும் உறுதியையும் ஒப்பிடுகின்றனர்.

இவ்வளவையும் தமிழிற் கூற இயன்றது. ஊக்கி, இணையி என்பன தமிழ்ச்சொற்கள். காபீன், உருத்தேனியம் என்பன தமிழோசை பெற்ற பிறமொழிச் சொற்கள். இரண்டும் மானிப்பாய் வகுத்த வழியினவே. கிறீன் 1873-இல் தாயகம் திரும்பி 1884-இல் மறைந்தார். ஊர்ப்பிள்ளைக்கு உயர்கல்வி எட்டவேண்டும் என்ற அவர் நோக்கமோ இன்றைய ஆசிரியரின் கடமையாக நிற்கின்றது.