நூறில் ஒரு பங்கு ராயபுரம்

மூலக்கடை பக்கம் ஒரு காயலான் கடையில் மின்விசிறி ரெகுலேட்டர் தேடிப் போனவன், ஒரு அட்டைப்பெட்டி நிறைய பொம்மை ரயில் தண்டவாளத்தோடு கொடுங்கையூர் வீட்டுக்குத் திரும்பினேன். வெளிநாட்டுச் சாமான். எஞ்சினுக்கு மோட்டார் செத்துப் போயிருந்தது, பெட்டிகள் ஒன்றுகூட இல்லை. "இன்னா சார், இத்த எடுத்துனு போயி இன்னா பண்ணப் போற?" என்று கேட்டுவிட்டு, கடைக்காரர் 150 ரூபாய்க்குத் தள்ளிவிட்டார். வீட்டில் கேள்வி இன்னும் சுருக்கமாக வந்தது: "ஏங்க, பேரனா வந்திருக்கான்?"

மாதிரி ரயில் அமைக்கும் ஆசை எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்து போவதற்கு முன்னால், அங்கே சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில்களை வேடிக்கை பார்த்துவிட்டு, பழைய புத்தகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தவன் நான். திருவொற்றியூர் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கணக்கு எழுதியே ரிட்டயர் ஆனவன். ஆகவே முதலில் ஒரு நோட்டுப் போட்டு, "மொத்தச் செலவு 2,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது" என்று முதல் பக்கத்தில் எழுதினேன். அதற்குக் கீழே மனைவியும் கையெழுத்துப் போட்டாள்.

முதல் சிக்கல் அளவு. உலகத்தில் அதிகம் பேர் வைத்திருக்கும் மாதிரி ரயிலுக்கு ஹெச்ஓ என்று பெயர். அசலில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மில்லிமீட்டர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள பாதை 1,435 மி.மீ. அகலம், அதை 87-ஆல் வகுத்தால் சரியாக வரும். நம் அகலப் பாதையோ 1,676 மி.மீ. அந்தக் கணக்கில் 19 மி.மீ.க்கு மேல் வேண்டும். கையில் இருப்பது 16.5. ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் 1,676-ஐ 16.5-ஆல் வகுத்துப் பார்த்தேன். 101.6 வந்தது. அதாவது, நூறில் ஒரு பங்காகச் செய்தால் நம்மூர் அகலப் பாதை ஏறக்குறையப் பொருந்திவிடும். ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர். தனி அளவுகோல் வேண்டாம், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஸ்கேலே போதும். நம் ஊர் ரயிலைக் கையால் செய்ய நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எதைச் செய்வது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. ராயபுரம்தான். 1856 ஜூலை 1-ல் கவர்னர் ஹாரிஸ் பிரபு தொடங்கி வைக்க, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை ஓடியது. இந்தத் துணைக்கண்டத்தில் இன்றும் நிற்கிற ரயில் நிலையக் கட்டிடங்களில் அதுதான் மூத்தது. பாதை முழுவதையும் செய்ய ஆசைதான். ஏறக்குறைய 100 கிலோமீட்டரை நூறால் வகுத்தால் ஒரு கிலோமீட்டர். எங்கள் தெருவே போதாது. ஆகவே ஆறடி நீளம் ஓரடி அகலத்தில் ஒரு துண்டு பிளைவுட், அதில் நிலையமும் சரக்கு மேடையும் மட்டும். வட்டப் பாதையும் கிடையாது. அகலப் பாதையில் மிகக் கூர்மையான வளைவுக்கே 175 மீட்டர் ஆரம் வேண்டும். எங்கள் ஹாலில் 1.75 மீட்டர் ஆரத்துக்கு வட்டம் போட்டால் மனிதர்கள் உட்கார இடமிருக்காது.

படம் தேடிப் படிக்கும்போதுதான், ராயபுரத்துக்கும் முந்தைய கதை கிடைத்தது. இந்தியாவின் முதல் ரயில் 1853-ல் பம்பாயிலிருந்து தாணேவுக்கு ஓடியது என்றுதான் நாம் எல்லோரும் படித்தோம். பயணிகள் ரயில் என்ற வகையில் அது சரி. ஆனால் 1836-லேயே சிந்தாதிரிப்பேட்டை பாலத்தருகே, ஜனங்கள் பார்ப்பதற்காக ஒரு சின்னத் துண்டுத் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். பாரம் ஏற்றிய வண்டியை எவ்வளவு சுலபமாக நகர்த்தலாம் என்று காட்டுவதற்காக. சுருக்கமாகச் சொன்னால், அதுவும் ஒரு மாதிரி ரயில்தான்! அடுத்த வருஷமே, 1837-ல், சாலை போடுவதற்கான கல்லைக் கொண்டுவர செங்குன்றத்தில் நிஜமான பாதை வந்தது. நீராவி எஞ்சினும் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். வேலையை நடத்தியவர் ஆர்தர் காட்டன், பின்னாளில் கோதாவரி அணையைக் கட்டினாரே, அவர்தான். எங்கள் வீட்டிலிருந்து மாதவரம் தாண்டி ஜி.என்.டி. ரோட்டில் நேரே போனால் செங்குன்றம். இன்று அங்கே அரிசி ஆலைகளைப் பார்க்கலாம். அந்தப் பாதை சில வருஷங்களிலேயே மூடப்பட்டுவிட்டது.

அது சிக்கனமாகச் செய்த காரியம். அடுத்து வந்த கம்பெனி ரயில்களின் கணக்கு வேறு மாதிரி. கணக்கு எழுதியவன் என்பதால் இங்கே நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். லண்டனில் பங்குதாரர்கள் முதல் போட்டார்கள். அந்த முதலுக்கு வருஷம் 5 சதவீதம் போல வட்டி நிச்சயம் என்று கம்பெனிக்காரர்களுக்கு ஒப்பந்தம். ரயில் வருமானம் அதைவிடக் குறைந்தால், மிச்சத்தை இந்திய அரசு தன் வரிப்பணத்திலிருந்து கட்டும். செலவு கூடினாலும் குறைந்தாலும் வட்டி வந்துவிடும் என்றால் யார் சிக்கனம் பார்ப்பார்கள்? என் ஸ்டோர்ஸில் ஒரு போல்ட் கூடுதலாகப் போனால்கூட விளக்கம் எழுத வேண்டும். இவர்களை யார் கேட்டது? கடைசியில் தாங்க முடியாமல், 1870-ல் வைஸ்ராய் மேயோ பிரபு காலத்தில், புதுப் பாதைகளுக்குச் செலவு குறைக்க மீட்டர் கேஜ் என்று முடிவானது. எழும்பூரிலிருந்து தெற்கே நாம் வெகுகாலம் குலுங்கிக் குலுங்கிப் போனது அந்தச் சிக்கனத்தால்தான்.

காட்டன் இதற்குள் ரயிலுக்கு எதிராளி ஆகியிருந்தார். ரயிலில் கொட்டிய பணத்தைக் கால்வாயில் போட்டிருந்தால் பாசனமும் கிடைத்திருக்கும், சரக்கும் மலிவாகப் போயிருக்கும் என்று கடைசிவரை வாதாடினார். அவர் சொன்னது முழுக்கச் சரி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 1876 முதல் 1878 வரை வந்த தாது வருஷப் பஞ்சத்தைப் படித்த பிறகு, அவரை அலட்சியமாகத் தள்ளவும் முடியவில்லை. கப்பலில் வந்த தானிய மூட்டைகள் மெட்ராஸ் கடற்கரையில் மலையாகக் குவிந்திருக்க, வாங்கக் காசில்லாத ஜனங்கள் லட்சக்கணக்கில் செத்தார்கள். உள்ளூருக்கு மூட்டையைக் கொண்டுபோக ரயில் இருந்தது. விலை கொடுக்கத்தான் ஆளில்லை.

என் ஆறடிப் பலகையை இதற்குப் பிறகு மாற்றிக்கொண்டேன். முதலில் நினைத்தது 1856-ன் திறப்பு விழா: தோரணம், கவர்னர், பேண்டு வாத்தியம். இப்போது வருஷம் 1877.

வேலை விவரம் கேட்பவர்களுக்காக: பெட்டிகள் எல்லாம் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் செய்தவை. அந்தக் காலத்து நாலு சக்கர வண்டிகள் சின்னவை, அதனால் ஒரு பத்திரிகைக்கு ஒரு பெட்டி. ராயபுரத்தின் உயரமான தூண்களுக்குக் காகிதத்தை ஃபெவிகால் தடவி, ஊதுவத்திக் குச்சிமேல் சுற்றி உருவினேன். தூணின் உயரம் தெரியவில்லை, ஃபோட்டோவில் பக்கத்தில் நிற்கும் ஆளை வைத்து மட்டாகக் கணக்கிட்டேன். கட்டிடம் டிவி வந்த பெட்டியின் தெர்மகோல். எஞ்சினுக்கு, கெட்டுப்போன டிவிடி பிளேயரில் தட்டை வெளியே தள்ளும் மோட்டாரைக் கழற்றிப் போட்டேன். சால்டரிங் வைக்கும்போது இரண்டு துண்டுத் தண்டவாளத்தின் பிளாஸ்டிக் உருகிப் போனது. அது நஷ்டக் கணக்கு. காயலான் கடைச் சாமானா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு தகவல்: அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மாணவர்கள் 1946-ல் தொடங்கிய மாதிரி ரயில் சங்கம், இலவசமாகக் கிடைத்த தொலைபேசி ரிலேக்களை வைத்துத்தான் தன் ரயில்களை ஓட்டியது. 'ஹேக்கர்' என்ற சொல் அங்கே புழங்கித்தான் உலகத்துக்கு வந்தது.

இதுவரை ஆன செலவு 1,860 ரூபாய். பிளைவுட்டும் பெயிண்ட்டும்தான் அதிகம் சாப்பிட்டன.

சரக்கு மேடையில் மூட்டைகளை அடுக்கிவிட்டேன். பழைய வேட்டித் துணியில் அரை சென்டிமீட்டர் உயரத்துக்குத் தைத்து, உள்ளே நிஜமான நொய்யரிசி. தைத்தவள் வீட்டுக்காரி. நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி, பலகையின் ஓரத்தில், மணியக்காரர் சத்திரத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம் அது. இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரியை எங்கள் பேட்டைப் பெரியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்வது அதனால்தான். பலகையில் அசல் தூரத்தைக் காட்ட முடியாது. அந்த ஒரு பொய்யை ஒப்புக்கொள்கிறேன்.

ஆட்களைத்தான் இன்னும் வைக்கவில்லை. நூறில் ஒரு பங்கு என்றால் ஓர் ஆள் 1.7 சென்டிமீட்டர். தீக்குச்சியைச் செதுக்கிப் பத்துப் பேர் செய்தேன். "குச்சி ரொம்ப தடியா இருக்குங்க, பஞ்சத்துல அடிபட்டவங்க மாதிரி இல்லையே" என்றாள். உண்மைதான். இப்போது துடைப்பக்குச்சியைச் சீவிக்கொண்டிருக்கிறேன்.